செல்லம்மா உட்கார்ந்த நாற்காலி

செல்லம்மாவை நாற்காலியில் உட்காரச் சொன்னவன் நான். யார் சொன்னது என்று தோட்டத்துத் துரை கேட்டபோது வாயைத் திறக்காமல் நின்றவனும் நான்.

டென்மார்க்கில் ஒரு வீட்டுக்குப் போனால், நாம் உட்காரப்போகும் நாற்காலியை வடிவமைத்தவரின் பெயரைச் சொல்லித்தான் உட்கார வைக்கிறார்கள், ஏதோ மாமன் மச்சானை அறிமுகப்படுத்துவதுபோல. வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. பிறகு சில வீடுகளில் என் பெயரும் அப்படிச் சொல்லப்பட்டது. கயிற்றுப் பின்னல் போட்ட, கைப்பிடி இல்லாத, தாழ்வான நாற்காலி அது. பால் கொடுக்க வசதியானது என்று இளம் தாய்மார் வாங்குவார்கள். எங்கே செய்து பழகினீர்கள் என்று கேட்பார்கள். இலங்கையில் என்பேன். அதற்கு மேல் சொன்னதில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி. கொழும்பில் கட்டடக் கலை படித்துவிட்டு, ஹாலிஎலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பா அங்கே பெரிய கிளாக்கர், ஆபீசின் தலைமை எழுத்தர். வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் பார்த்த வெள்ளைச் சுவர்களும் மெல்லிய கால் நாற்காலிகளும் தலை நிறைய இருந்தன. கொழுந்தெடுக்கும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவைச் சும்மாவே திருத்தித் தருகிறேன் என்று துரையிடம் அனுமதி வாங்கினேன். பெரிய ஜன்னல் வைத்தேன். பால் கொடுக்க வருபவர்கள் ஈரச் சிமெந்தில் உட்காருவதைப் பார்த்து, நாற்காலிகளும் செய்வதென்று முடிவெடுத்தேன். அதைத் துரையிடம் சொல்லவில்லை. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். இரும்புக் குழாய் கிடைக்கவில்லை, பலா மரமும் தேங்காய்த் தும்புக் கயிறும் கிடைத்தன. பதுளையில் தளபாடக் கடை வைத்திருந்த ஹமீது நானா செய்து தந்தார்.

"என்ன தம்பி, கால் இவ்வளவு மெலிசு? அப்பத்தான் பொறந்த ஆட்டுக்குட்டி மாதிரி நிக்குது."

"உலகத்துல இப்ப இப்புடித்தான் நானா."

"உலகத்துல சரி. ஹாலிஎலயில விழுந்துடாம பாத்துக்கங்க."

நாற்காலிகள் விழவில்லை. ஆனால் ஒருவரும் அவற்றில் உட்காரவில்லை. துணிமூட்டையை நாற்காலியில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து பால் கொடுத்தார்கள். துரையோ கிளாக்கரோ கங்காணியோ வரக்கூடிய இடத்தில் தோட்டத்துத் தொழிலாளி நாற்காலியில் உட்காருவதில்லை. அப்பாவைக் கண்டு ஆட்கள் எழுந்து நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். இருக்கையின் உயரத்தை அரை அங்குலக் கணக்கில் யோசித்த எனக்கு, இது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்க, யாராவது உட்கார்ந்திருக்கும் படம் வேண்டியிருந்தது. கைக்குழந்தை மல்லிகாவோடு வந்த செல்லம்மாவைக் கேட்டேன்.

"வேணாங்கையா. யாராச்சும் பாத்தா வம்பு."

"நான்தான் இருக்கேன்ல. உக்காரு."

நுனியில் உட்கார்ந்தார். படம் எடுத்தேன். அந்த நேரம் பார்த்துத் துரை வாசலில் வந்து நின்றார், பின்னால் கங்காணி. செல்லம்மா பதறி எழுந்ததில் குழந்தை மார்பிலிருந்து விலகி வீரிட்டது.

"யாரு உக்கார சொன்னது?"

செல்லம்மா என்னைப் பார்த்தார். துரையின் நற்சான்று இல்லாமல் எனக்கு வெளிநாடு இல்லை. அப்பாவின் வேலையும் அவர் கையில் இருந்தது. நான் கமராவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"நானாத்தாங்க உக்காந்தேன்," என்றார் செல்லம்மா.

மறுநாள் அவரை மேல்மலையில் கொழுந்தெடுக்கப் போட்டார்கள். அங்கிருந்து பகலில் இறங்கிவந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப முடியாது. நாற்காலிகள் ஆபீசுக்குப் போயின. நான் டென்மார்க்குக்கு வந்தேன்.

இங்கே என்னை வேலைக்கு எடுத்த முதிய வடிவமைப்பாளர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். "எவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாள்!" என்றார். எந்த நொடியிலும் எழத் தயாராக இருந்த அந்த உடம்பு அவருக்கு நிம்மதியாகத் தெரிந்தது. நாற்காலிக்குப் பயப்படும் ஒருவரை அவர் கண்டதே இல்லை. நான் ஆமாம் என்றேன்.

என் மகள் பிறந்து, மனைவி அதே வகை நாற்காலியில் உட்கார்ந்து பால் கொடுத்தபோது அந்த அறையில் என்னால் இருக்க முடியவில்லை. ஆனாலும் ஊருக்குப் போகும் துணிவு எண்பதுகளில்தான் வந்தது. செல்லம்மா அதே லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில்தான் இருந்தார். நான் திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. மத்தவங்களுக்குத்தான் தெரியாது. இன்னைக்கும் என்னைய நாக்காலி தொரசாணின்னுதான் கூப்புடுறாளுக."

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மேமலையில நிக்கிறப்ப பால் தானா வடியுங்க. ரவிக்கையெல்லாம் நனைஞ்சு போகும். இவ கீழ வெறும் தேயிலச் சாயத்தண்ணி குடிச்சுக்கிட்டுக் கெடப்பா." இவள் என்றது, பக்கத்தில் நின்ற மல்லிகாவை. தாயைவிட உயரமாக வளர்ந்திருந்தாள்.

நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"பெரட்டுல சொல்லுங்க."

விடியற்காலையில் ஆள் கூட்டி வேலை பிரிப்பதுதான் பெரட்டு. புதிய துரை வியப்போடு சம்மதித்தார். குளிருக்குக் கம்பளி போர்த்தி நின்றவர்கள் முன்னால் நடந்ததைச் சொன்னேன். நான்தான் உட்காரச் சொன்னேன், பழியை அவர் சுமந்தபோது பேசாமல் இருந்தேன் என்றேன். பிறகு பின்வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"அப்ப சும்மாவா பட்டம் குடுத்தோம்? அடியே செல்லம்மா, பட்டத்தத் திருப்பிக் குடுடி!"

"போடி, இத்தன வருசம் சொமந்துட்டேன். இனி நானே வச்சுக்கிறேன்."

பெரட்டே சிரித்தது. செல்லம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன். மேல்மலையில் வடிந்து போன பாலுக்கு என்னிடம் எந்த ஈடும் இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அன்று மாலை தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார்கள். மல்லிகா எங்கோ இரவல் வாங்கிவந்து ஒரு நாற்காலியைப் போட்டாள். செல்லம்மா தரையில் உட்கார்ந்தார். அவர் கீழே இருக்க நான் அதில் உட்கார மனம் வரவில்லை. தரையில் உட்காரக் குனிந்தேன். அந்நிய நாட்டு நாற்காலிகளிலேயே காலம் கழித்த முழங்கால்கள் பாதியில் நின்றுவிட்டன. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. மல்லிகா வாயைப் பொத்திச் சிரித்தாள். செல்லம்மா எழுந்துவந்து என் முழங்கையைப் பிடித்தார்.

"மெதுவா உக்காருங்கையா. யாரு உக்கார சொன்னதுன்னு இங்க யாரும் கேக்க மாட்டாங்க."