தோசைத் திருப்பியும் ஒரு கையெழுத்தும்

போன வாரம் சரஸ்வதி பூஜையன்று நான் ஒரு திருட்டுவேலை செய்தேன். சரஸ்வதிக்குத் தெரியும். உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்... மனசிலேயே வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது?

என் மகன் சேதுவுக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்தில் தொழில் வகுப்பு ஆரம்பித்தபோது மற்ற பையன்கள் டிராயிங்குக்கு ஓட, இவன் கொத்து வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றான். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இப்போது கிடர்பூரில் ஒரு கட்டட காண்ட்ராக்டர் அவனை அப்ரெண்டிஸாக எடுத்துக்கொள்ளத் தயார். பூஜை லீவு முடிவதற்குள் தகப்பனார் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டுமாம்.

தகப்பனார் யார்? கோட்டும் தலைப்பாகையுமாக தினம் டாக்குரியாவில் ரயிலேறி ஆபீஸ் போகிற நான்தான். கல்கத்தாவில் நம்மவர் பிள்ளைகள் எல்லாம் நாற்காலிக்குப் போக, என் பிள்ளை சாரத்தில் ஏறுவதா? கேட்டவர்களிடம் 'இன்ஜினியரிங் மாதிரி' என்று சொல்லி வைத்திருந்தேன். அந்த 'மாதிரி'யை மட்டும் மெதுவாகச் சொல்வேன்.

பூஜையில் சேது புத்தகங்களோடு தன் கரணையையும் வைத்தான். அதுதான், கொத்தனார் கலவை பூசுவாரே, அந்தக் கரண்டி. தாம்பூலத்துக்கு நாலு பேர் வருகிற நாள்! அவன் பூப்பறிக்கப் போன நேரம் பார்த்து அதை என் புத்தகங்களுக்கு அடியில் தள்ளினேன். கையெழுத்துத் தாளையும் செருகி, மேலே பட்டுத் துணியைப் போர்த்தினேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாதல்லவா? ஒரு நாள் தப்பித்தேன்.

பதினோரு மணிக்கு அடுத்த வீட்டு பௌதி ஓடி வந்தாள். வங்காளிகளுக்கு அண்ணி என்றால் பௌதி. எங்களுக்கும் அவள் அண்ணிதான். அவர்கள் வீட்டில் துர்கா பூஜை. தெருவுக்கே போக் பிரசாதம் சமைக்கக் கட்டிய செங்கல் அடுப்பு, ஒரு பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. மிஸ்திரிகள், அதாவது கொத்தனார்கள், எல்லோரும் ஊருக்குப் போயாயிற்று.

"சேது, நீ வந்து பார்டா பாபா! அம்பாளுக்கு போக் இல்லேன்னா நான் எங்கே போய் முட்டிப்பேன்?" என்று வங்காள பாஷையில் புலம்பினாள்.

சேது பூஜை அறையை எட்டிப் பார்த்தான். "அம்மா, கரணை பூஜைல இருக்கே!"

"நாளைக்குக் காலம்பற வரைக்கும் தொடப்படாதுடா" என்ற என் மனைவி, உள்ளே போய்த் தோசைத் திருப்பியை எடுத்து வந்து நீட்டினாள். "இது ஆகுமா பாரு."

ஆயிற்று! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சரிந்த பக்கத்தைப் பிரித்துப் போட்டான். நானும் பின்னாலேயே போய் நின்றேன்.

"பாருங்கோப்பா, செங்கல் ஜாயின்ட்டுக்கு மேலயே ஜாயின்ட் வெச்சிருக்கா. எப்படி நிக்கும்?"

எனக்கு என்ன தெரியும்? தலையை ஆட்டி வைத்தேன். அவன் அடிமண்ணில் செங்கல் உடைசலைப் போட்டு இடித்துக் கெட்டியாக்கினான். தோசைத் திருப்பியால் சேற்றை வழித்துப் பூசி, ஒரு செங்கல், இரண்டு தட்டு, அடுத்த செங்கல்... வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடிக்கச் சோம்பல்படுகிற பிள்ளையா இது? சுள்ளி போட்டு இளஞ்சூட்டில் காயவிட்டான். இரண்டு மணிக்கு அண்டா ஏறியது. அடுப்பு அசையவில்லை.

"யார் ஸார் இந்த மிஸ்திரி? நல்ல கையா இருக்கே!"

திரும்பினால், தாம்பூலத்துக்கு வந்து, என்னைத் தேடி அங்கேயே வந்துவிட்ட என் ஆபீஸ் நண்பர். சேதுவின் முதுகைத்தான் பார்த்திருக்கிறார். 'இன்ஜினியரிங் மாதிரி'யை அதிகம் கேட்டவரும் அவர்தான்.

தோசைத் திருப்பியைக் கழுவிக்கொண்டிருந்த சேதுவின் கை நின்றது. தலையை நிமிர்த்தவில்லை. அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருக்கிறான்... சேறு அப்பிய அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்மேலேயே வெட்கமாக இருந்தது.

"என் பிள்ளை ஸார்" என்றேன். "கொத்தனார்."

'மாதிரி' போடவில்லை.

மறுநாள் விஜயதசமி. காலையில் பட்டுத் துணியை விலக்கியதும் சேது கேட்டான்: "கரணை எப்படிப்பா அடியில போச்சு?"

"நான்தான்டா தள்ளினேன்."

அவன் கரணையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டான். நான் பூஜையில் வைத்திருந்த பேனாவை எடுத்தேன், தாளை விரித்தேன், போட்டேன். முழங்கால்மேல் வைத்துப் போட்டதில் கையெழுத்துக் கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது.

பரவாயில்லை... கோணலை நேராக்கத்தான் வீட்டிலேயே ஆள் இருக்கிறானே!