பாக்கியம் மிஸ்ஸி கேட்ட போத்தல்

சொல்ல வெட்கம்தான். எங்கள் ஆஸ்பத்திரி நேர்ஸ் பாக்கியம் மிஸ்ஸி காலமான செய்தி வந்தபோது நான் தலைக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். பாதித் தலை கறுப்பு, பாதித் தலை நரை. அப்படியே காரைதீவில் இருக்கும் அவர் வீட்டுக்கு ஓடினேன். மிஸ்ஸி இருந்திருந்தால், "என்ன தம்பி, மற்றப் பாதிக்குச் சாயம் காணாமப் போச்சா?" என்றிருப்பார். அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மிஸ்ஸியைத் தெரிந்த உங்களுக்கு ஆஸ்பத்திரிக்கு முன்னால் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் என்னையும் தெரியும். எண்பதாம் ஆண்டுப் பக்கம் வயிற்றோட்டம் வந்து பிள்ளைகள் துவண்டுபோன காலம். புதிதாகக் கண்டுபிடித்த உப்புச் சீனி மருந்துத் தூளை அரசாங்கம் ஆராய்ச்சிக்கென்று கொஞ்ச நாளைக்குப் பக்கற் பக்கற்றாய் அனுப்பிப் பார்த்தது. தாய்மார் வீட்டில் சரியாகக் கலக்கினால்தான் தொடர்ந்து காசு ஒதுக்குவார்களாம். கூட வந்த தாளில் "ஒரு சாராயப் போத்தல் தண்ணீர்" என்று அளவு போட்டிருந்தது. முஸ்லிம் ஊரான எங்கள் ஊரில் எந்த வீட்டில் சாராயப் போத்தல் இருக்கும்? ஆளுக்கொரு சட்டியில் கலக்கினார்கள். சிலர் மருந்தே ஹராம் என்று வீசிவிட்டார்கள்.

மிஸ்ஸி கடைக்கு வந்தார்.

"தம்பி, நோன்புக்கு வாங்கின சர்பத் போத்தல் எல்லா வீட்டிலயும் இரிக்கும்தானே? வெறும் போத்தல் ஒண்டு தாங்க, அளந்து பாப்பம்."

"நேர்ஸ் வேலைய உட்டுட்டு சர்பத் விக்கப் போறீங்களா மிஸ்ஸி?"

"ஓம். உங்கட கடைக்கு முன்னாலதான்."

அளவு ஒத்துப்போனது. வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். தாய்மார் பிழையாகக் கலக்கியதாகத்தான் கணக்கில் இருக்கிறது, ஆராய்ச்சி முடிந்தது, காசும் முடிந்தது என்றார்.

"ஆராய்ச்சி முடிஞ்சிரிக்கும் சேர். வயித்தோட்டம் முடியல்லியே" என்று சொல்லி, மிஸ்ஸி அவரை என் வீட்டுக்குக் கூட்டி வந்தார். என் சின்ன மகள் கண் குழிந்து கிடந்தாள். காலையிலிருந்து மூத்திரம் போகவில்லை. என் மனைவி சர்பத் போத்தலில் அளந்து கலக்கினாள். மிஸ்ஸி பிள்ளையை அதிகாரியின் மடியில் வைத்துக் கரண்டி கரண்டியாய்ப் பருக்கினார். பின்னேரம் அசருக்குப் பாங்கு சொல்லும் நேரம் அதிகாரியுடைய காற்சட்டை நனைந்தது.

"இதுதான் சேர் ரிப்போட்" என்றார் மிஸ்ஸி.

அதற்குப் பிறகு பக்கற் வருவது நிற்கவில்லை. மகளுக்கு இப்போது வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

காலையில் ஆஸ்பத்திரி கேற் திறக்கும் சத்தம் கேட்டால், மிஸ்ஸி வழக்கமாகக் குடிக்கும், பால் விடாத, சீனி குறைத்த பிளேன்ரீ ஒன்றுக்கு என் கை தானாகப் போகிறது. குடிக்க ஆள் இல்லை.

மிஸ்ஸியிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு ருசி. "கலக்கினா முதல்ல நீங்க குடிச்சுப் பாருங்க, கண்ணீரை விட உப்பு கூடப்படாது" என்பார். போன கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கலக்கினேன். அவர் ஞாபகம் வந்துவிட்டது. உப்பு மருந்திலா என் கண்ணிலா என்று பிடிபடவில்லை. இன்னும் கொஞ்சம் குடித்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கப் போத்தல் முடிந்துவிட்டது. பிள்ளைக்கு வேறு பக்கற் உடைத்தோம்.