நடந்து வந்த மாமா

இருநூற்றுப் பதினொன்று. மைக் அக்கா மேடையேறிய பத்தொன்பது ஆண்டுகளில், அந்த ஊர் மைதானத்தில் காணாமல்போய்க் கிடைத்த பிள்ளைகளின் எண்ணிக்கை அது. அத்தனை பேரும் அன்றன்றைக்கே உரியவர் கையில் போய்ச் சேர்ந்தார்கள். போன மாதம் வரை யார் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சற்றே பெருமையோடு சொல்வாள். இப்போது கேட்டால் பேச்சை மாற்றுகிறாள்.

வார நாட்களில் அவள் குழந்தை மருத்துவர் ஒருவரின் க்ளினிக்கில் டோக்கன் கூப்பிடுகிறவள். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை ஊர் மைதானத்தில் ‘குடும்ப மாலை’ நடக்கும். சாக்கு ஓட்டம், பாட்டுப் போட்டி, கணவன் மனைவி சேர்ந்து பலூன் உடைப்பது, கடைசியில் குலுக்கல் பரிசு. ஒரு பக்கம் ராட்டினமும், மோட்டார் சைக்கிள் சுற்றும் மரணக் கிணறும் இரையும். சுற்றுவட்டாரம் முழுக்கப் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்கும்.

மைக் அவள் கைக்கு வந்தது தற்செயல். ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் அவள் கணவரை ஊர் ‘சவுண்டு’ என்று கூப்பிடும். வீட்டில் அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்கு நாலு வார்த்தை வந்தால் அதிகம். ஒரு வருஷம் அறிவிப்பாளர், சிறப்பு விருந்தினரைப் புகழ்ந்து புகழ்ந்தே தொண்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வயர்களுக்குக் காவலாக உட்கார்ந்திருந்த மனைவியிடம் சவுண்டு மைக்கை நீட்டினார். “வேற ஆள் வர்ற வரைக்கும் ரெண்டு வார்த்தை பேசு.” வேறு ஆள் இன்னும் வரவில்லை.

தொலைந்த பிள்ளைகள் விஷயத்தில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. பிள்ளையின் பெயரை மைக்கில் சொல்ல மாட்டாள். சட்டை நிறம் சொல்ல மாட்டாள். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல மாட்டாள். “ஒரு குழந்தை மேடையில் பத்திரமாக இருக்கிறது, பெற்றோர் வரவும்.” அவ்வளவுதான். வருகிறவர்தான் பெயரும் அடையாளமும் சொல்ல வேண்டும்.

விழாக் குழுச் செயலாளர் பெயின்ட் கடைக்காரர். எதிலும் கொஞ்சம் பளபளப்பு வேண்டும் அவருக்கு. “என்னக்கா, சஸ்பென்ஸ் படம் ஓட்டறீங்களா? பேரைச் சொன்னா சட்டுனு வந்துடுவாங்கல்ல?”

“வந்துடுவாங்க தம்பி. யாரு வருவாங்கங்கறதுதான் விஷயம்.”

இன்னொன்றையும் அவள் பார்த்துப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தாள். பிள்ளையைத் தொலைத்தவர்கள் ஓடித்தான் வருவார்கள். ஒற்றைச் செருப்போடு வருவார்கள், முந்தானை எங்கேயோ மாட்டிக் கிழிந்து வருவார்கள். வந்ததும் பிள்ளையின் முதுகில் ஒன்று வைப்பார்கள். பிறகுதான் கட்டிக்கொண்டு அழுவார்கள். நன்றி என்ற சொல் இரண்டு நாள் கழித்து, க்ளினிக்கில் சளி மருந்து வாங்க வரும்போது வரும்.

போன மாதம் குடும்ப மாலைக்குச் செயலாளர் ஒரு பெரிய திரையும் கேமராக்காரரும் ஏற்பாடு செய்திருந்தார். மேடையில் நிற்பவரின் மூக்குத்தி வரை மைதானத்தின் கடைசி வரிசைக்குத் தெரிந்தது. ஊரே வாயைப் பிளந்தது. பாட்டுப் போட்டி முடிந்தது. அடுத்து மேஜிக் ஷோ. மேஜிக்காரரின் வேன் வழியில் நின்றுவிட்டது.

“ஏதாவது பேசுங்கக்கா” என்று செயலாளர் மேடைக்குக் கீழிருந்து கெஞ்சினார். “ஜனங்க எந்திரிக்குது.”

எழுந்துகொண்டுதான் இருந்தார்கள். பின்பக்கம் தட்டிவிட்டுக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டு. பேசாத மைக்கைக் கையில் வைத்திருப்பது அவளுக்கு அடுப்பில் தீயும் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல. இருந்த இரண்டு துணுக்கையும் சொல்லிவிட்டாள். மூன்றாவது நினைவுக்கு வரவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் தொண்டர் ஒருவர் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிவந்து மேடையில் விட்டார். நாலு வயது இருக்கும். கையில் ஒரு துணி வாத்து. அழவில்லை. திரையில் தன் முகம் இவ்வளவு பெரிதாகத் தெரிவதை அண்ணாந்து பார்த்துச் சிரித்தது.

கூட்டமும் சிரித்தது. எழுந்தவர்களில் சிலர் அப்படியே நின்றார்கள்.

மைக் அக்கா குனிந்து மைக்கைக் குழந்தையிடம் நீட்டினாள்.

“பாப்பா பேரு என்ன?”

பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொன்னது. பாதிப் பேருக்குக் கேட்கவில்லை.

“வீட்ல எப்படிக் கூப்பிடுவாங்க?”

“எலிக்குட்டி.”

மைதானம் விழுந்து விழுந்து சிரித்தது. நின்றவர்கள் உட்கார்ந்தார்கள்.

“எலிக்குட்டி யார் கூட வந்தீங்க?”

“மாமாகூட.”

“அம்மா வரலையா?”

“அம்மா ஊர்ல. தம்பிப் பாப்பா வரப்போவுது.”

ஒரே கைதட்டல். “மாமா எங்கம்மா போனாரு?”

“டுர்ர்ர்ர்!” என்றது குழந்தை.

“மாமா வண்டி எடுக்கப் போயிருக்காராம்! யோவ் மாமா, சீக்கிரம் வாய்யா!” என்றாள் மைக் அக்கா. “சரி, இந்த வாத்துக்கு ஏன் ஒரு கண்ணுதான் இருக்கு?”

“இன்னொன்ன நான் தின்னுட்டேன்.”

செயலாளர் கீழிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கூட்டம் முழுதாக உட்கார்ந்துவிட்டது.

அப்போது ஒருவர் பக்கவாட்டுப் படியில் ஏறி வந்தார். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை. பள்ளிக்கூட வாத்தியார் என்றால் நம்பலாம். வங்கி ஊழியர் என்றாலும் நம்பலாம். மைக் அக்காவைப் பார்த்துக் கைகூப்பினார். “ரொம்ப நன்றிங்க.” அதன் பிறகுதான் குழந்தைப் பக்கம் திரும்பினார். “என்ன எலிக்குட்டி, மாமாவை இப்படிப் பயமுறுத்தலாமா? வாத்து பத்திரமா இருக்கா?”

பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து நீட்டினார். குழந்தை அவரைப் பார்த்தது, சாக்லேட்டைப் பார்த்தது. வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாங்கிக்கொண்டது. அவர் அதன் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார்.

வழக்கமான கேள்விக்காக மைக் அக்கா வாயைத் திறந்தாள். கேட்பதற்கு எதுவும் இல்லை. பெயர் என்ன என்று கேட்கலாம், மைதானத்துக்கே தெரியும். வீட்டுப் பெயர், யாரோடு வந்தது, அம்மா எங்கே, வாத்தின் கண் என்ன ஆயிற்று, எல்லாம் கடைசி வரிசை வரை தெரியும். பத்தொன்பது வருஷமாகப் பூட்டி வைத்த பெட்டியை அவளே திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துக் காட்டிவிட்டாள். ஒரு சிரிப்புக்காக.

“உங்க அக்கா பேரு என்னங்க?” என்றாள், மைக்கை இறக்கிவிட்டு.

தயங்காமல் ஒரு பெயர் சொன்னார்.

அவள் குழந்தையிடம் குனிந்தாள். “உங்கம்மா பேரு என்னடா கண்ணு?”

“அம்மா.”

அவர் சிரித்தார். “சின்னப் புள்ளைங்க. அதுக்கென்ன தெரியும்.”

“அதான் ஆள் வந்தாச்சே, அனுப்பிடுங்கக்கா!” என்று செயலாளர் குரல் கொடுத்தார். “மேஜிக்காரர் வந்துட்டாரு.”

கண்ணாடிக்காரர் குழந்தையோடு திரும்பினார். ஏறிவந்த படிப் பக்கம் அல்ல. மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கம் இறங்கும் படி. அதைத் தாண்டினால் இருட்டுச் சந்து. அவர் செருப்பின் வார் இரண்டும் ஒழுங்காக மாட்டியிருந்தன. கழுத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. இவர் ஓடி வரவில்லை, நடந்து வந்தார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆனால் ஒருவர் நடந்து வந்ததையும் நன்றி சொன்னதையும் குற்றமென்று எப்படிச் சொல்வது?

மைக்கை உயர்த்தினாள்.

“அன்பார்ந்த பொதுமக்களே! எலிக்குட்டியோட மாமா வந்துட்டாரு! மாமாவைத் திரையில காட்டுங்க கேமராத் தம்பி. சார், கொஞ்சம் இப்படித் திரும்புங்க. இவர் யார் வீட்டுப் புள்ள? தெரிஞ்சவங்கல்லாம் கை தூக்குங்க பார்ப்போம்!”

எதற்கும் கை தூக்குகிற கூட்டம் அது. யாருக்குப் பசிக்கிறது என்று கேட்டாலும் தூக்கும், யாருக்குப் பசிக்கவில்லை என்று கேட்டாலும் தூக்கும். அன்றைக்கு ஒரு கை எழவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு பொடியன் தூக்கினான். அவன் அம்மா பிடித்து இறக்கிவிட்டாள். அதோடு சரி. கைகள் மடியில் கிடந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திரையில் ஒரு காதும் கண்ணாடியின் ஓரமும் தெரிந்தன. அவர் துணிப்பையை முகத்துக்கு மறைப்பாகப் பிடித்திருந்தார், விளக்கு கூசுகிறவர் போல.

“நாங்க வெளியூருங்க” என்றார்.

“ரொம்ப சந்தோஷம். எந்த ஊர்னு மைக்ல சொல்லுங்க, ஒரு கைதட்டு குடுப்போம்.”

நீட்டிய மைக்கிலிருந்து அவர் ஒரு அடி விலகினார். சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே இருந்தது. “நீங்க சந்தேகப்படறதும் சரிதாங்க. காலம் அப்படி. இருங்க, அவ சித்தியையே கூட்டிட்டு வந்துடறேன்.”

குழந்தையின் கையை விட்டார். அதன் இன்னொரு கையிலிருந்த சாக்லேட்டைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். பின்படியில் இறங்கினார், வேகம் எதுவும் இல்லாமல்.

சவுண்டு தன் ஒலி மிக்சரை விட்டு எழுந்து பின்னாலேயே போனார். ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மேஜிக் ஷோ நடந்தது. பெட்டிக்குள் போன உதவியாளர் மறைந்துபோனபோது எல்லாரும் கைதட்டினார்கள். ஸ்பீக்கர் பெட்டிமேல் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மைக் அக்கா, கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

மரணக் கிணற்றின் இரைச்சல் அடங்கியது. அடங்கிய கொஞ்ச நேரத்தில் ஓர் ஆள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு, விழுந்து எழுந்து ஓடி வந்தான். ஒற்றைச் செருப்பு. மேடையேறியவன் குழந்தையின் முதுகில் ஒன்று வைத்தான். பிறகு கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். குழந்தையும் “மாமா” என்று வாயைத் திறந்தது.

யாரும் கேட்காமலே கூட்டம் கத்தியது. “டேய் பஞ்சர்! புள்ளைய விட்டுட்டுக் கிணறு பாக்கப் போனியாடா!”

“காத்துப் போன டயரு மாதிரி நிக்கறான் பாரு!”

பஸ் ஸ்டாண்ட் எதிரே பஞ்சர் ஒட்டுகிறவன். வெளியூரில் இருக்கும் அக்காவுக்குப் பிரசவ நேரம் என்பதால் அவள் பெண்ணை முந்தின நாள்தான் கூட்டி வந்திருந்தான். அதனால்தான் ஊரில் யாருக்கும் குழந்தையைத் தெரியவில்லை. இருந்தும் மைக் அக்கா அவனையும் திரையில் காட்டச் சொல்லிக் கேட்டாள். பாதி மைதானம் கை தூக்கியது.

“டிக்கெட் குடுக்கறவருகிட்ட, கொஞ்சம் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுத்தான்க்கா போனேன்.”

“அவர் காதுல விழுந்துச்சா?”

பஞ்சர் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

கூட்டம் கலைந்து வயர் சுற்றும்போது சவுண்டு அந்தப் பையைப் பார்த்தார். பின்படிக்கு அடியில் செருகியிருந்தது. மனைவியைக் கூப்பிட்டுத் திறந்தார். மேலே அந்தச் சாக்லேட். அடியில் ஒரு சின்னக் கத்தரிக்கோல், ஒரு தொப்பி, ஒரு பையனின் சட்டையும் ட்ரவுசரும். நாலு வயதுக்குச் சரியாக இருக்கும். புதுத் துணி என்று அவள் முதலில் நினைத்தாள். கையிலெடுத்துப் பார்த்தால், பழசு. காலர் நைந்திருந்தது, ஒரு பொத்தான் வேறு நிறத்தில் மாற்றித் தைத்திருந்தது. யாரோ அதைத் துவைத்து, நன்றாக மடித்து வைத்திருந்தார்கள்.

“எலிக்குட்டிக்கு முடியை வெட்டி, இதைப் போட்டுவிட்டா...” என்று ஆரம்பித்தாள். அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏங்க, இது யாரோ போட்டிருந்த சட்டைங்க.”

சவுண்டு பையை மூடினார்.

போலீஸ் பையை வாங்கிக்கொண்டது, விசாரித்தது. அதுவரை குழந்தையின் முகத்தையே எடுத்துக்கொண்டிருந்த கேமராக்காரரின் பதிவில் அவருடைய காதும் கண்ணாடி ஓரமும்தான் இருந்தன. செயலாளர் அந்த நேரம் மேஜிக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை அருகிலிருந்து நேராகப் பார்த்தவள் மைக் அக்கா ஒருத்திதான். க்ளினிக்கில் இப்போது அவள் டோக்கனைப் பார்த்துக் கூப்பிடுவதில்லை, வாசலைப் பார்த்துக் கூப்பிடுகிறாள். ஒரு நாள், காய்ச்சல் குழந்தையோடு கண்ணாடி போட்ட அப்பா ஒருவர் உள்ளே வந்தார். எண்ணைப் பாதியில் நிறுத்திவிட்டாள். அவர் கழுத்தில் வியர்வையைப் பார்த்த பிறகுதான் மீதியைச் சொன்னாள்.

நேற்று வீட்டில் சவுண்டு ஸ்பீக்கர்களைத் துடைத்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

“இந்த மாசம் வேற யாரையாவது பேசச் சொல்லிடலாம்.”

“அந்தாளு மூஞ்சி எனக்கு மட்டுந்தாங்க தெரியும். நான் மேடையில இல்லைன்னா, அவர் கூட்டத்துல நின்னாலும் யாருக்குத் தெரியும்?”

“அவருக்கும் உன் மூஞ்சி தெரியும்.”

அவள் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். “தெரியட்டும்” என்றாள். கை மட்டும் சுற்றியதையே திரும்ப அவிழ்த்துக்கொண்டிருந்தது.

குடும்ப மாலை வருகிற சனிக்கிழமை ஐந்து மணிக்குத் தொடங்குகிறது. மேடையின் பின்படியைக் கழற்றிவிட்டார்கள். அறிவிப்பு அவள்தான்.