குட்டியை விடாத ஓங்கில்

“கெணத்துலயே தண்ணி இல்லாத ஊருல பொறந்துட்டு, நீ கடல்ல போயி திமிங்கலம் எண்ணறயா? அப்படி ஒண்ணு இருந்தா உங்கப்பனைக் கூட்டிட்டுப் போயிக் காட்டு. அப்பறம் நம்பறேன்.”

பெரியப்பா இதைச் சொன்னது வெண்ணந்தூர்ப் பக்கம் எங்கள் வீட்டு வாசலில், பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் நாலு பேர் சிரிக்கும்படி. எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கடல் உயிரியல் படித்துவிட்டு ராமநாதபுரம் கடற்கரையில் ஓர் ஆய்வுக் குழுவில் வேலை செய்கிறேன். சிறிய வள்ளத்தில் பாய் விரித்துப் போய், கண்ணில் படும் ஓங்கில்களையும் எப்போதாவது தலைகாட்டும் திமிங்கலங்களையும் தாளில் குறிப்பது என் வேலை. டால்பினை அந்தக் கரையில் ஓங்கில் என்பார்கள். என் வேலையைப் பற்றி யாராவது சிரித்தால் இன்றைக்கும் எனக்குத் தாங்காது.

அப்பாவை அழைத்துப்போக வேண்டும் என்ற வீம்பு அன்றைக்கு வந்தது. ஆனால் பல வருஷமாகவே அவரோடு தனியாக இருக்க எனக்குப் பயம். அதற்குக் காரணம் ஒரு போன்.

அப்பா முப்பது வருஷம் ரிக் வண்டியில் இருந்தார். ஆழ்துளைக் கிணறு போடும் லாரி. ஆந்திரா, கர்நாடகா என்று போனால் மாசக்கணக்கில் திரும்ப மாட்டார். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது தங்கை பிறந்தாள். அப்போதும் அவர் அனந்தபூர்ப் பக்கம் எங்கேயோ இருந்தார். நாற்பது நாள்கூட ஆகவில்லை, பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து வலிப்பு கண்டது. சேலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் அம்மாவிடம், அப்பாவை வரச் சொல்லுங்கள் என்றார்.

எங்களில் எண்களைப் படித்துப் போன் போடத் தெரிந்தவள் நான்தான். அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் சொன்னார்: முதலில் ராடு உள்ளே இருக்கிறதா என்று கேள். ரிக் வீடுகளில் அது ஒரு கட்டுப்பாடு. துளை போடும் இரும்புத் தண்டுதான் ராடு; அது குழிக்குள் இருக்கும்போது வேலை செய்கிற ஆளிடம் கெட்ட சேதி சொல்ல மாட்டார்கள். கை நடுங்கினால் ராடு குழிக்குள் சிக்கிக்கொள்ளும், பக்கத்தில் நிற்பவன் கை போய்விடும். ராடை எல்லாம் மேலே ஏற்றிய பிறகுதான் எதையும் சொல்வார்கள்.

நான் கேட்டேன். “அப்பா, ராடு உள்ள இருக்குதுங்களா, வெளிய இருக்குதுங்களா?”

“உள்ள இருக்குது சாமி. நானூறு அடி தாண்டியாச்சு. ஏன்?”

“சும்மாதானுங்க பண்ணினேன். பாப்பா நல்லாருக்குது. சிரிக்கறா.”

சிரிக்கிறாள் என்று சொல்ல அம்மா சொல்லவில்லை. அதை நானாகச் சேர்த்தேன். ராடு ஏறியதும் அவரே திரும்பக் கூப்பிடுவார் என்று காத்திருந்தோம்.

மறுநாள் மத்தியானம் தங்கை போய்விட்டாள். அன்றைக்கே பொழுது சாய்வதற்குள் பெரியப்பா துணியில் சுற்றி எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டு வந்தார். சின்னக் குழந்தை போனால் யாருக்காகவும் காத்திருக்கும் வழக்கம் எங்களில் இல்லை. பெண்கள் பின்னால் போகிற வழக்கமும் இல்லை. அப்பா வந்தது அதற்கு மறுநாள். தன் மகளின் முகத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நான் உண்மையைச் சொல்லியிருந்தால், பஸ் ஏறி வந்து உயிரோடு பார்த்திருப்பார்.

அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நான் வளர்ந்து சொல்லும் தைரியம் வந்தபோது, கம்ப்ரஸர் சத்தத்தில் அவருக்குக் காது போயிருந்தது. வலது காது முழுசாக. இடது காதில் கிட்டத்தில் சத்தமாகப் பேசினால் கொஞ்சம் கேட்கும். எழுதிக் காட்டலாம் என்றால் படிக்கத் தெரியாது. வீட்டில் கத்திச் சொன்னால் தெருவே கேட்கும். இத்தனை படித்தும் என் அப்பாவிடம் ஒரு வரியைக் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு வழி இல்லை.

மாசி மாசம் அவர் என்னோடு கடலுக்கு வந்தார். வள்ளத்தில் மூன்று பேர். பாயைப் பார்த்துக்கொள்ளும் படகுக்கார அண்ணன், நான், அப்பா. அப்பா ஏறியதும் பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். என்ன தொழில் என்று அண்ணன் விசாரித்தார். சொன்னேன்.

“பூமியில ஓட்டை போடுற ஆளா? என் வள்ளத்துல போட்டுறாம இருக்கச் சொல்லு தாயி.”

அதை அப்பாவின் இடது காதில் கத்தினேன். பிடியை விடாமலே சிரித்தார்.

கரை மறைந்த பிறகு, ரொம்ப தூரத்தில், தண்ணீரிலிருந்து வெள்ளையாகப் புகை மாதிரி ஒன்று எழுந்து கலைந்தது. திமிங்கலம் மூச்சு விடுகிறது என்று சொல்ல நான் திரும்புவதற்குள் அப்பா எழுந்து நின்றுவிட்டார். முகம் மலர்ந்திருந்தது. போர் போடும்போது தண்ணீர் கண்டால் கம்ப்ரஸர் காற்று அதை இப்படித்தான் மேலே அடிக்குமாம். அவர் குனிந்து ஒரு கை கடல் நீரை அள்ளி வாயில் விட்டுக்கொண்டார். புதுக் குழியில் முதல் தண்ணீரை ருசி பார்ப்பது ரிக்காரர்களின் பழக்கம். கை தன்னால் போய்விட்டது. துப்பிவிட்டு, குழி போடச் சொன்ன தோட்டக்காரருக்குச் சேதி சொல்கிற முகத்தோடு என்னைப் பார்த்தார்.

“உப்புத் தண்ணி சாமி.”

அண்ணன் சிரித்துச் சிரித்து பாய்க்கயிற்றை நழுவவிட்டார். திமிங்கலம் இன்னொரு முறை மூச்சுவிட்டு, முதுகை மட்டும் காட்டிவிட்டு இறங்கிப் போனது. பெரியப்பாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குக் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

திரும்பும் வழியில் ஓங்கில் கூட்டம் வந்தது. ஏழெட்டு இருக்கும். வழக்கமாக வள்ளத்தின் முன்னால் வந்து துள்ளும். இவை துள்ளவில்லை. மெதுவாக, ஒன்றைச் சுற்றியே நீந்தின. நடுவில் இருந்தது எதையோ மூக்கால் மேலே தள்ளிக்கொண்டே வந்தது. தள்ளிய பொருள் தண்ணீரில் சரிந்து இறங்கும். அந்த ஓங்கில் அடியில் போய் மறுபடி ஏந்திக்கொண்டு வரும்.

அண்ணன் பாயைத் தளர்த்தினார். “குட்டி செத்துப்போச்சு. ரெண்டு மூணு நாள் இருக்கும்” என்றார்.

குட்டியின் தோல் உரியத் தொடங்கியிருந்தது. தாளில் எழுதினேன். தாய் ஒன்று. குட்டி ஒன்று. அடுத்த கட்டத்தில் இறந்தது என்று எழுத வேண்டும். பென்சில் ஓடவில்லை.

அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார். காது கேட்காதவர் என்பதால் அவர் எதையும் சத்தமாகத்தான் கேட்பார். அன்றைக்கு அந்தக் குரல் சின்னதாக இருந்தது.

“இன்னும் எத்தன நாளைக்கு வெச்சிருக்கும்?”

தெரியாது என்று தலையாட்டினேன்.

“எடுத்துப் பொதைக்கச் சொல்லி அதுகிட்ட யாரும் சொல்ல மாட்டாங்க, இல்ல?”

நான் தாளை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இடது காதுக்கு வாயை வைத்து, அன்றைக்குப் பாப்பா ஆஸ்பத்திரியில் இருந்தாள், நான் பொய் சொன்னேன் என்று கத்தினேன். பாப்பா சிரிக்கவில்லை என்றும் சொன்னேன். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பா ஓங்கிலிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தெரியும் சாமி. நீ எப்பப் போன் பண்ணினாலும் முட்டாய் வாங்கிட்டு வாங்கன்னுதான் கேப்ப. ராடு உள்ளயான்னு அன்னைக்குத்தான் கேட்ட. ஊட்டுல என்னமோ ஆயிப்போச்சுன்னு அப்பவே தெரிஞ்சுது.”

மிச்சத்தையும் சொன்னார். “ராடை ஏத்தச் சொல்லியிருக்கலாம். நல்லாருக்குதுன்னு நீ சொன்னயில்ல, அதைப் புடிச்சுக்கிட்டேன். குழியை முடிச்சிட்டேன்.”

அவரும் நானும் ஒரே போனைத்தான் பதினாறு வருஷம் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம். அதைத் தெரிந்துகொண்டதால் எடை குறைந்தது என்று சொல்ல மாட்டேன். என் பொய் அவரை ஏமாற்றவில்லை. ஊருக்கு வராமல் இருக்க அவருக்குக் கைகொடுத்திருக்கிறது. எனக்கு இது முன்னதைவிடக் கனமாக இருக்கிறது.

ஓங்கில் கூட்டம் தெற்கே நகர்ந்தது. கண்ணுக்குத் தெரிந்தவரை அந்தத் தாய் குட்டியை விடவில்லை.

சாயங்காலம் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். பாப்பாவை வைத்த இடம் எதுவென்று அப்பா இதுவரை கேட்டதில்லை. அம்மாவுக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான். நான் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். எங்கே இருக்கிறீர்கள், என்ன வேலையாக இருக்கிறீர்கள் என்று எதுவும் கேட்கவில்லை. நேராகச் சொன்னேன்.

“திமிங்கலம் பாத்தோமுங்க பெரியப்பா. காலையில நானும் அப்பாவும் வாரோம். அம்மாவையும் கூட்டிக்கறோம். பாப்பாவைப் பொதைச்ச எடத்தைக் காட்டோணுங்க.”

“வாங்க சாமி” என்றார் பெரியப்பா.