மாமாவுக்கு நான் போட்ட நூறு

மாமாவுக்கு முதல் நாள் நான் போட்ட மார்க் நூற்றுக்கு நாற்பது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமா அம்மாவின் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்தில் சண்டை முற்றியபோது விசிட் பாஸ் எடுத்துக்கொண்டு பினாங்குக்கு வந்து, பதினான்காம் மாடியில் இருந்த எங்கள் ஃபிளாட்டில் தங்கினார். பாஸ் முடிந்தால் திரும்பிப் போயாக வேண்டும். போனால் உயிர் இருக்காது என்று அம்மா சொல்வார்.

அப்பா இங்கேயே பிறந்தவர், துறைமுக ஆபீஸில் கிளார்க். சட்டம் தெரிந்தவர் வீட்டில் அவர் ஒருவர்தான். இந்த நாட்டுச் சட்டத்தில் அகதி என்று ஓர் ஆளே கிடையாதாம். சுற்றிப் பார்க்க வந்தவன் உண்டு, பெர்மிட்டில் வேலைக்கு வந்தவன் உண்டு, கள்ளத்தனமாகத் தங்கியவன் உண்டு, அவ்வளவுதானாம். ஆனால் கோலாலம்பூரில் வெளிநாட்டுக்காரர்கள் நடத்தும் ஓர் ஆபீஸ் இருந்தது. அங்கே போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். நம்பினால் அகதி என்று கடிதம் கொடுப்பார்கள், வேறு ஏதாவது நாட்டுக்கு அனுப்பியும் வைப்பார்கள்.

ஆக, எல்லாம் ஓர் இன்டர்வியூவில் இருந்தது. அப்பா இளவயதில் ஒரே இன்டர்வியூவில் வேலை வாங்கியவர். அதில் தோற்றவர்களை அவர் மன்னித்ததே இல்லை.

ஆபீஸ் டைப்ரைட்டரைச் சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்து, மாமா சொல்லச் சொல்ல அடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா கேள்வி கேக்கட்டும். சின்னப் பிள்ளைகிட்டயே தடுமாறினா அங்க போயி என்னா செய்வீங்க, தம்பி?"

அப்படித்தான் நான் ஆபீசர் ஆனேன். சாப்பாட்டு மேசையில் நான் ஒரு பக்கம், மாமா எதிர்ப்பக்கம். என் கையில் அடிக்கோலும் சிவப்புப் பேனாவும்.

"பேர் என்ன?"

"மேடம், நேற்றும் சொன்னனான்."

"இன்னிக்கும் சொல்லணும்லா!"

சமையலறையில் அம்மா சிரிப்பார். அம்மா சிரித்ததை நான் கேட்ட கடைசி நாட்கள் அவை.

கடையை எந்த மாதம் எரித்தார்கள், வீட்டை எந்த மாதம் எரித்தார்கள் என்று மாமா மாற்றி மாற்றிச் சொல்வார். ஒவ்வொரு தப்புக்கும் ஐந்து மார்க் குறைப்பேன். இரண்டு வாரத்தில் எல்லாத் தேதியும் அவருக்கு மனப்பாடம். ஓர் இடத்தில் மட்டும் விழுந்துவிடுவார்.

"ஆமிக்காரங்கள் வந்து ஏத்திக்கொண்டு போனவங்கள். காம்பில பதினொரு நாள் வச்சிருந்தவங்கள்."

"அங்க என்ன நடந்துச்சு?"

மாமா மேசையைப் பார்ப்பார். நான் அடிக்கோலால் தட்டுவேன். தட்டினால் எழுந்து வெளியே போய், லிஃப்ட் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் பத்து மார்க்கைக் கழித்துவிட்டு, தொண்ணூறு என்று எழுதுவேன். தினமும் தொண்ணூறுதான்.

எனக்கு மாமா என்றால் உயிர். அவருக்கு நூறு வாங்கித் தர நான்தான் வழி கண்டுபிடித்தேன்.

"அப்பா, அந்தக் கேம்ப்ல மட்டும்தான் மாமா பெயிலாயிடுறாரு. அத எடுத்துட்டா நூறு வந்துரும்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, சொல்ல முடியலன்னா விட்டுருவமா? கடை போச்சு, வீடு போச்சு. அதுவே போதும்லா."

"விட்டா நல்லம், அத்தான்," என்றார் மாமா. அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். அப்பா முழுப் பக்கத்தையும் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் மறுபடி அடித்தார். பதினொரு நாள் போய்விட்டது.

அடுத்தது நடை. மாமா பாதத்தின் வெளி ஓரத்தை மட்டும் ஊன்றித்தான் நடப்பார். நான் அதேபோல் நடந்து காட்டினால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "வாத்து மாதிரி உள்ள போனா என்னா நினைப்பாங்க?" என்று கறுப்பு ஷூ வாங்கி வந்தார். பழக்கும் வேலை எனக்கு. லிஃப்டிலிருந்து படிக்கட்டு வரை, படிக்கட்டிலிருந்து லிஃப்ட் வரை.

"காலை முழுசா வைங்க, மாமா!"

அவர் சட்டை வியர்வையில் நனைந்துவிடும். ஷூ கடிக்குதா என்று கேட்டேன். "புதுசுதானே பிள்ளை, சரியாயிடும்," என்றார். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

கோலாலம்பூர் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் கடைசிப் பரீட்சை வைத்தேன். ஒரு தப்பும் இல்லை. சிவப்பில் நூறு போட்டு, நட்சத்திரமும் வரைந்து கொடுத்தேன். மாமா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இதைக் காட்டினா கேள்வி கேக்காமலே தந்திடுவினம்."

திரும்பி வந்ததும் அப்பா பக்கத்து வீட்டிலெல்லாம் சொன்னார், மச்சான் ஓர் இடத்திலும் தடுமாறவில்லை என்று. மாமா எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்: "உங்களுக்கு நேரா ஏதும் செய்தவங்களோ எண்டு அந்த ஆபீஸ் அம்மா ரெண்டு தரம் கேட்டவ. இல்லை எண்டனான். பேப்பரில அது இல்லைத்தானே."

கடிதம் வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு அப்பா படித்தார். ஊரில் எல்லோருக்கும் இருக்கும் ஆபத்து போதாதாம். இவருக்கென்று தனியாக ஓர் ஆபத்து இருக்க வேண்டுமாம். இவர் சொன்னதில் அப்படி எதுவும் இல்லையாம்.

அப்பா தனக்குத் தெரிந்த வக்கீல் கிளார்க்கிடம் ஓடினார். அவர், "அண்ணே, இப்பப் போயி அந்தப் பதினொரு நாளச் சேத்தா, அதுதான் பொய்னு சொல்வாங்க," என்றாராம். அப்பா டைப்ரைட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். தாள்கூடச் செருகவில்லை.

பாஸ் முடிந்து ஒரு மாதம் கழித்து, பட்டர்வொர்த் பெர்ரித் துறையில் போலீஸ்காரர்கள் மாமாவிடம் ஐ.சி. என்ற அடையாள அட்டையைக் கேட்டார்கள். லாக்கப்பில் வைத்திருந்து, பிளேனில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே இறங்கியதாக ஒரு கடிதம் வந்தது. பிறகு பத்து வருஷம் ஒன்றும் இல்லை.

போன மாதம்தான் ஊரிலிருந்து ஒருவர் எழுதினார். மாமா ஊர் திரும்பிய அதே வருஷம் ஆமிக்காரர்கள் அவரை மறுபடி பிடித்துக்கொண்டு போனார்களாம். உடலைப் பார்த்தவர் இருக்கிறாராம்.

நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குப் போகிறவள். நியாயம் பேச எனக்குத் தெரியாது. அழத்தான் தெரிகிறது. அழுது முடித்த ஒரு மத்தியானம் அம்மா சொன்னார்.

"உள்ளங்காலிலதான் அடிச்சவங்கள். பதினொரு நாளும். வந்த கிழமையே எனக்குச் சொன்னவன்."

"ஏம்மா அப்பாகிட்ட சொல்லல?"

"கலியாணம் பேச வேண்டிய பெடியனடி. அடி வாங்கினவன் எண்டு ஊரெல்லாம் தெரிஞ்சா ஆர் பொம்பிளை குடுப்பினம்? அதைச் சொன்னாத்தான் இருக்க விடுவாங்கள் எண்டு எனக்கு ஆர் சொன்னது?"

எனக்கு லாக்கப் ஞாபகம் வந்தது. அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பார்க்க விட்டார்கள். அம்மாவும் நானும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றோம். மாமா தூரத்திலிருந்து வந்தார். வெறுங்கால், சிமெண்டுத் தரை. பழையபடி பாத ஓரத்தை ஊன்றி நடந்தார். கற்றுக் கொடுத்ததையெல்லாம் மறந்துவிட்டாரே என்று எனக்குக் கோபம். எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"காலை முழுசா வைங்க, மாமா!"

மாமா நின்றார். இரண்டு உள்ளங்காலையும் தரையில் முழுதாக வைத்தார். கம்பி வரைக்கும் நேராக நடந்து வந்தார்.

"எத்தினை மார்க், மேடம்?" என்று கேட்டார்.

நூறு என்றேன்.