வேர் கீறியவர்

டென்மார்க்கில், ஹேர்னிங்குக்கு அருகே எங்கள் வீட்டுக்குப் பின்னால், முன்பு நிலக்கரி தோண்டிய இடம் பாலைவனம் போல வெறும் மணலாய்க் கிடக்கிறது. நாயோடு நடக்கப் போனபோது அங்கேதான் அவரைக் கண்டேன். தொழிற்சாலை மேலங்கி, தமிழ் முகம். அந்தக் குளிர்காற்றிலும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மணலில் பூத்திருந்த காட்டுப்பூ ஒன்றைக் கொப்பியில் பென்சிலால் கீறிக்கொண்டிருந்தார். படத்தில் பூ நகமளவு, வேரோ கொப்பிப் பக்கம் முழுக்க ஓடியது.

"பிடுங்கிப் பாத்தனீங்களோ, அண்ணை?"

"இல்லைத் தம்பி."

"அப்ப வேர் எப்பிடித் தெரியும்?"

பென்சில் நிற்கவில்லை. "ஷெல்லடிக்குள்ள, செத்த என்ர மகளைக் கடற்கரை மணலுக்குள்ள கிண்டித் தாட்டுப்போட்டு ஓடி வந்தனான். அண்டைக்கிருந்து மணலுக்குக் கீழ எப்பிடி இருக்குமெண்டுதான் யோசிக்கிறன்."

அந்நேரம் பார்த்து என் நாய் அவருக்குப் பக்கத்தில் மணலைக் கிண்டத் தொடங்கியது. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அவர் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

இப்போது நாயை வேறு பாதையால் கூட்டிப்போகிறேன்.