யாஜபாளையம் வண்டி

தமிழில் உள்ள ஒலிகளில் ஒன்றே ஒன்றுதான் என் வாய்க்கு அடங்கவில்லை. அது போயும் போயும் ‘ர’வாக இருந்தது. நான் சொன்னால் ‘ய’ என்று வரும். இப்படிப்பட்ட ஒருவன் வேறு எந்த வேலைக்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம். நானோ எண்பதுகளின் நடுவில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராகப் போய்ச் சேர்ந்தேன்.

எங்கள் பக்கத்து ஊர்களுக்குப் பெயர் வைத்தவர்களுக்கு என் மேல் என்ன பகையோ தெரியவில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், மம்சாபுரம், சுந்தரபாண்டியம் என்று எங்கு திரும்பினாலும் ‘ர’. அது இல்லாத செண்பகத்தோப்புக்கு எங்கள் வண்டி போகாது. வண்டியை எடுக்கச் சொல்லும் ‘ரைட்’டில்கூட அதுதான் முன்னால் நின்றது. நான் “யைட்” என்பேன். டிரைவர் அண்ணன் சிரித்து முடித்துவிட்டுத்தான் கியர் போடுவார்.

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்; கோபம் வந்தால் தெலுங்கு வெளியிலும் வந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு வண்டிகள் ராஜபாளையத்துக்கு ஆள் கூப்பிடும். கூப்பிடுகிற கூப்பாட்டில்தான் கூட்டம் சேரும்.

“ஏமிரா, எங்க ஊர்ப் பேர இப்படிக் கொல பண்ணுத? ஒரு மாசம் தாரேன். நாக்கு திருந்தலன்னா தோல்பையக் கழட்டி வச்சிட்டுப் போயிரு” என்றார்.

பத்தாம் வகுப்பில் இரண்டு முறை கோட்டை விட்டவனுக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

அம்மா வசம்பைச் சுட்டுத் தேனில் உரசி என் நாக்கில் தடவினாள். கைக்குழந்தைகளுக்குச் செய்கிற வைத்தியம். மீசை வைத்த ஆளை மடியில் போட்டுக்கொள்ளாததுதான் பாக்கி. பஸ்ஸிலோ டிக்கெட் வாங்கிய எல்லாரும் வாத்தியார் ஆகிவிட்டார்கள். ஷிஃப்டுக்குப் போகிற மில் பெண் ஒருத்தி, “நாக்கு நுனிய மேல கொண்டுபோயி ஒரே ஒரு தட்டு தட்டுங்கண்ணே, அம்புட்டுத்தான்” என்றாள். அம்புட்டுத்தானாம்! அந்த ஒரு தட்டுக்கு வக்கில்லாமல்தானே என் நாக்கு இருபத்துமூன்று வருஷம் படுத்துக் கிடந்தது. டீக்கடைக்குப் பின்னால் நின்று பழகிப் பார்த்தேன். அங்கே கட்டியிருந்த மாடு தவிடு தின்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

கெடு முடிகிற அன்று காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தபோது நாக்கு தட்டிவிட்டது. ‘ர’ என்று வந்தது. பயந்துபோய் மறுபடி சொன்னேன். மறுபடியும் வந்தது. ரசம், ரப்பர், ரயில் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். சொல்வதற்கென்ன, குழாயடியில் நின்று அழுதேன்.

அன்று பஸ் ஸ்டாண்டில் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க, “ராஜபாளையம், ராஜபாளையம்” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அப்பழுக்கில்லாத ‘ர’. அவர் திருப்தியாகத் தலையை ஆட்டினார். ஆனால் வண்டியில் பாதி சீட் காலி.

புறப்படப் போகிற நேரத்தில், பூக்கூடையோடு மம்சாபுரத்து அம்மா ஒருவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். வந்தவர் முதலாளியிடமே கேட்டார்:

“ஐயா, அந்த யாஜபாளையம் வண்டி இன்னைக்கு வரலையா? அதுலதான் கூடைய ஏத்த விடுவாவ.”

பின்னால் வந்த இரண்டு பேரும் அதைத்தான் தேடினார்கள். எல்லா வண்டியும் ஒரே மாதிரி கத்துகிற இடத்தில், அந்த நெரிசலில், எங்கள் வண்டியை அவர்கள் அடையாளம் கண்டது என் ‘ய’வை வைத்துத்தான்.

முதலாளி மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“பழைய மாதிரியே கூப்பிடு.”

“முதலாளி, இப்பத்தான் சரியா வருது.”

“சரியா வந்து யாருக்கு என்ன? கூப்பிடுறா.”

கூப்பிட்டேன். முந்தின நாள் வரை தானாக வந்த ‘யா’வை அன்று வலிந்து வரவழைக்க வேண்டியிருந்தது. வண்டி நிறைந்தது. வேலை தப்பியது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அதே வேலையில் மேலும் ஒன்பது வருஷம் இருந்தேன். அத்தனை வருஷமும் என் வாயிலிருந்து சுத்தமான ‘ர’வைக் கேட்டவர்கள் அம்மாவும், பிற்பாடு என் மனைவியும் மட்டும்தான்.